சிவப்பு லைற்றில் வந்த கார்

டென்மார்க்கின் வைலே நகரில், கூட வேலைசெய்யும் மேரிகிறேஸ் அக்காவின் சைக்கிளை எம்.பி. ஒருவரின் கார் சிவப்பு லைற்றில் வந்து இடித்ததைக் கண்ணால் கண்டவன் டிலக்சன். பொலிஸ் விசாரிக்கக் கூப்பிட்டது.

"எந்த நாடெண்டாலும் எம்.பி. எம்.பி.தான். சட்டமே அவையைத் தொடேலாது. ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு, அப்பு!" மன்னாரிலிருந்து அம்மா போனில் பதறினாள்.

விசாவை நினைத்து அவனும் அப்படியே சொன்னான்.

"நீங்கள் பார்த்ததாக ஒருவர் சொல்கிறாரே?" என்றார் பொலிஸ்காரர்.

"அக்காவோ? அவ அடிபட்ட மயக்கத்தில உளறுறா."

"இல்லை, எம்.பி.தான். பிழை தன்னுடையது, தன் சட்டப் பாதுகாப்பை நீக்கி வழக்குப் போட விடுங்கள் என்று நாடாளுமன்றத்தை அவரே கேட்டுவிட்டார். உங்களைச் சாட்சியாகச் சொன்னதும் அவர்தான்."

டிலக்சன் தலைகுனிந்து வெளியே வந்தான்.

வாசலில் ஊன்றுகோலோடு நின்ற அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காண்டி சாட்சி சொல்ல லீவு போட்டிட்டு வந்தியே, தம்பி!"