குவைத்திலிருந்து ஓர் இளவரசன்

“உன் காலடி பட்ட பளிங்குத் தரையில் இன்னமும் என் உயிர் கிடக்கிறது, கண்மணி!”

தாட்சாயணி கடிதத்தைப் படித்ததும் மல்லிகாவின் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் வந்தது.

“பளிங்கா? நம்ம வூட்ல சிமெண்டே பேந்துக்கினு கெடக்குதுக்கா!”

“குவைத்துக்குப் போயிட்டா எல்லாம் பளிங்காத்தான்டி தெரியும். குறுக்கப் பேசாத.”

“போன கடுதாசில, ஒட்டகம் வந்து கார்ல மோதிச்சின்னு எழுதின மனுசனா இது?”

தாட்சாயணி காகிதத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

ஆந்திர எல்லையிலுள்ள பிச்சாட்டூரில் எதிரெதிர் வீடு அவர்களுக்கு. வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் மல்லிகா பள்ளியில் படித்தது தெலுங்கு. அவள் புருஷன் கிரண்குமார் தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டையில் மாமன் வீட்டில் தங்கித் தமிழ் படித்தவன். அவன் டிரைவர் வேலைக்கு குவைத் போன இரண்டு வருடங்களாக, அவன் கடிதங்களைப் படித்துச் சொல்வது தாட்சாயணிதான்.

இதுவரை வந்தவற்றில் வெயில், ஓவர்டைம், பல்வலி. இன்று வந்ததில் மூன்றே வரி.

‘இங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டேன். இனி ஊருக்கு வரமாட்டேன். தாட்சாயணி அக்கா, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.’

எப்படிச் சொல்வது? அப்பா வந்த பிறகுதான் திருமலையில் மொட்டை என்று, மூன்று வயது மகள் தரணி தோளுக்குக் கீழே தொங்கும் முடியோடு வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

வாரப் பத்திரிகையில் தாட்சாயணி விடாமல் படிக்கும் மொகலாய அரண்மனைத் தொடர்கதைதான் கைகொடுத்தது. போருக்குப் போன இளவரசன் காதலிக்கு எழுதும் கடிதம் அவளுக்கு மனப்பாடம்.

“இன்னொரு வாட்டி படிக்கா.”

மூன்று வரிக் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். பளிங்குத் தரை, ரோஜா மலர், பௌர்ணமி. யமுனைக் கரை என்று வாய்வரை வந்ததை ஆரணியாற்றங்கரை என்று மாற்றிக்கொண்டாள். இந்தமுறை மல்லிகாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

“வர்றேன்னு எழுதிக்கிறாராக்கா?”

“வராம எங்கடி போவான்? தை பொறந்தா வந்து நிக்கப் போறான் பாரு.”

சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது.

மல்லிகா அதைக் கேட்டு வாங்கவில்லை. குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்து, சிக்கு விழுந்த முடியை விரலால் கோதினாள்.

“இந்தக் கத தெலுங்குல எப்பவோ வந்து முடிஞ்சிடுச்சிக்கா. அந்த ராஜகுமாரன் கடைசிவரைக்கும் வரவே மாட்டான்.”