வியாழன் என்று எழுதிய கேசட்

"ஏழாவதையும் போட்டுடு நெவில். இன்னிக்கு முடிச்சிடலாம்."

"இன்னொரு நாள் கேட்டுக்கலாமே கிளெனிஸ். டீ ஆறிப்போகுது."

"நாலு மாசமா இதையேதான் சொல்ற."

நெவில் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் மேல் மகன் டார்சியின் கோணல் கையெழுத்தில் 'வியாழன்' என்று இருந்தது. அதைப் பதிவுசெய்த மறுநாள் காலை போர்ட் கெம்ப்ளா இரும்பாலைக்கு வேலைக்குப் போகும்போது, வளைவே இல்லாத சாலையில் அவன் கார் ஒரு யூகலிப்டஸ் மரத்தில் போய் மோதி, அங்கேயே உயிர் போயிற்று. பிரேக் பிடித்த தடம் இல்லை. தூங்கிவிட்டிருப்பான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. தூங்கினானா, வேண்டுமென்றே விட்டானா? அது தெரியாமல் பெற்றவளுக்கு ஒரு வாய் உணவு இறங்கவில்லை.

கேசட்டில் இருந்தது வெறும் கிட்டார்தான். மைக் கூடக் கிடையாது, கிட்டாரிலிருந்து ஒயர் நேராக ரெக்கார்டருக்குப் போனது. ஆனால் அந்தக் கிட்டாரில் இருந்தது நெவில் தன் கையால் சுற்றிக்கொடுத்த ஹம்பக்கர் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒயருக்கு அனுப்பும் இரட்டைச் சுருள். "சும்மா காது கிழியணும்ப்பா" என்று டார்சி கேட்டதால், இரண்டு சுருளிலும் செப்புக் கம்பியை அளவுக்கு மேல் சுற்றியிருந்தார். சுற்று கொஞ்சம் தளர்ந்துபோயிற்று. சத்தத்தைக் கூட்டினால் கீச்சென்று கத்தும். வாசிப்பவன் குனிந்து பேசினால் அந்தப் பேச்சும் மெல்லியதாகப் பதிவாகிவிடும்.

ஆறு கேசட்டிலும் டார்சி இருந்தான். வாய் ஓயாத பயல். தப்பாக வாசித்தால் தன்னையே திட்டிக்கொண்டான். நாயோடு வம்பளந்தான். "வரேம்மா, ரெண்டே நிமிஷம்" என்று ஓரிடத்தில் கத்தினான். அந்த இடத்தை மட்டும் கிளெனிஸ் ஒன்பது தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"மெழுகுல முக்கித் தரேன், சுருள் இறுகிடும், கத்தாம கெடக்கும்னு அவன் பின்னாடியே அலைஞ்சியே," என்றாள். "நல்லவேளை, 'கத்தட்டும் விடுப்பா'ன்னுட்டான். இல்லாட்டி இந்தக் குரல் எனக்குக் கெடச்சிருக்குமா?"

நெவில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபோர்மேனோட சண்டை, அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போனது, எல்லாத்தையும் கிட்டார்கிட்டதான் சொல்லியிருக்கான். நம்மகிட்ட ஒரு வார்த்தை இல்ல. கடைசியில மனசுல ஏதாவது இருந்திருந்தா இதுல சொல்லியிருப்பான். போடு."

போட்டார். கிட்டார் ஒலித்தது. நெவில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாதியில் வாசிப்பு நின்றது. கிளெனிஸ் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆயிற்று. லேசான இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி கொஞ்சம் கிட்டார். அதோடு டேப் முடிந்துபோனது.

கிளெனிஸ் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கீச்சுன்னு ஒரு தடவகூடக் கத்தல பாரு. எவ்ளோ நிதானமா வாசிச்சிருக்கான். நடுவுல அவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருந்தானே, ஒரு புலம்பல் உண்டா? சொல்றதுக்கு அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல நெவில். தூங்கித்தான் போயிருக்கான் எம்புள்ள."

"ம்."

"வாயத் திறந்து சொல்லேன்."

"ஆமா. தூங்கித்தான் போயிருப்பான்."

அவள் அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டோஸ்ட்டை எடுத்துக் கடித்தாள். முழுசாகத் தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். நெவில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார்.

அவள் சோபாவில் கண்ணயர்ந்ததும், நாலு மாதமாகக் கால் வைக்காத பின்பக்கத்து ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்பின் மேல் வாணலியில் மெழுகு வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வரும் பிறந்தநாளுக்கு இருக்கட்டுமென்று, டார்சி வேலைக்குப் போயிருந்த அந்த வியாழனுக்கு முந்தின புதன்கிழமை, அவனிடம் சொல்லாமலே பிக்கப்பைக் கழற்றி அவர் முக்கியெடுத்த மெழுகு.