மறைவு தேதி

"கண்ணீர் அஞ்சலின்னு மேல பெருசா போடுங்க தம்பி. எங்க வூட்டு வாசல்ல கட்டணும். போறவன் வரவன் கண்ணுல எல்லாம் படணும்" என்றாள் மலர்க்கொடி.

அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பிரான்சிஸ் கம்ப்யூட்டரில் திறந்தான். திறந்தவன் கை மவுசிலேயே நின்றுவிட்டது. அந்த முகத்தை அவன் மறப்பானா? ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

கலைவாணன். பைக்கின் ஹேண்டில்பாரில் ஒரு கை, காதில் போனோடு ஒரு கை. கோர்ட் வராந்தாவில் பார்த்த அதே திமிர்ச் சிரிப்பு.

இப்படிப் போன் பேசிக்கொண்டே வந்துதான், குன்னத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த பிரான்சிஸின் தங்கை அனிதா மேரியை அடித்துத் தூக்கினான் இந்தப் பாவி. அவள் மண்ணுக்குள் போனாள். இவன் ஜாமீனில் வந்து மறுபடி பைக்கில் ஊர் சுற்றினான். கேஸோ வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு கிடந்தது.

பிரான்சிஸ் தன் ஃப்ளெக்ஸ் கடைக்குத் தங்கை பேரையே வைத்தான். ஏலாக்குறிச்சி மாதா முன்னால் மண்டியிடும்போதெல்லாம் அவனுக்கு ஒரே வேண்டுதல்தான். அந்தக் கலைவாணனுக்கு அஞ்சலி பேனரை என் கையால நான் அடிக்கணும் தாயே.

மாதா செவி சாய்த்துவிட்டாள். அந்தப் பேனர் தன்னால் நடந்து வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

"உங்க பையனாம்மா?" தெரியாதவன் மாதிரி கேட்டான்.

"பெத்தவ நான்தான்."

"எப்படிம்மா ஆச்சு?"

"படத்தைப் பாத்தாலே தெரியலையா?" என்றாள் வெடுக்கென்று. அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அழுது அழுது வற்றிப்போயிருக்கும், நன்றாக வற்றட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவன் அம்மா தெருவில் புரண்டு அழுதபோது இந்தக் குடும்பத்திலிருந்து யார் வந்து தூக்கிவிட்டார்கள்?

"வேற நல்ல படம் இருந்தா குடுங்கம்மா. நேரா பாக்கற மாதிரி."

"வேணாம். காதுல போன் தெரியணும். அவன் இருக்கற லட்சணமே அதானே."

அவள் மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கட் பண்ணினாள். யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் போல.

பிரான்சிஸ் வேலையில் இறங்கினான். கல்யாணப் பேனருக்குக்கூட அவன் இத்தனை அக்கறை காட்டியதில்லை. தங்கைக்குப் போட்ட அதே ஊதா பார்டரைத் தேடி எடுத்து இவனுக்கும் போட்டான். அவளுக்கு அடித்த அன்று கண்ணீர் மறைத்து எழுத்தெல்லாம் பிழையாக வந்தது. இன்றைக்கு ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

மறுபடி போன். மறுபடி கட்.

அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பெரம்பலூர்ல இல்லாத கடையாம்மா? என் கடைக்குன்னு எதுக்கு வந்தீங்க?"

"உங்க கடையிலதான் அடிக்கணும்னு வந்தேன். போர்டுல இருக்கற பேரு எனக்குத் தெரியும் தம்பி. அந்தப் பேரைக் கேட்டா எனக்குச் சோறு எறங்காது."

பிரான்சிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தெரிஞ்சேதான் வந்தீங்களா? அப்ப நானும் சொல்லிடறேன், கேட்டுக்கங்க. உங்க புள்ள போனதுல எனக்குச் சந்தோசம். எங்க அம்மா வயிறு எரிஞ்ச மாதிரி உங்க வயிறும் எரியணும். அதுக்குத்தான் நான் இத்தன நாளா மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்துனேன்."

மலர்க்கொடி கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றது நாயந்தான் தம்பி. அவனுக்கு எத்தன சொல்லியும் உறைக்கல. ஒரு உசுரு போயும் உறைக்கல. வேலைய முடிச்சுக் குடுங்க."

சொல்லித் தீர்த்த பிறகு பிரான்சிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தான். பேனரில் 'தோற்றம்' என்ற இடத்தில் அவள் சொன்ன பிறந்த தேதியை அடித்தான். பக்கத்தில் 'மறைவு' என்று போட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மறைவு தேதி சொல்லுங்க."

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அவள் கட் பண்ணவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

காற்று இரைந்தது. பக்கத்திலேயே ஒரு லாரி ஹாரன். அதற்கு மேலே ஒரு குரல் கத்தியது.

"எம்மா, எத்தன வாட்டி அடிக்கிறது? வண்டியிலதான் வந்துட்டு இருக்கேன், பாலக்கரைய தாண்டிட்டேன். எந்தக் கடைன்னு சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

பிரான்சிஸ் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். போனில் தெரிந்த படத்திலும் அதே முகம், அதே சிரிப்பு. கோர்ட்டில் கேட்ட அதே குரல்.

அவள் போனை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"கேட்டீங்கல்ல தம்பி? தேதிய காலியா வுடுங்க. அத அவனே ரொப்பிக்குவான்."