சாயங்காலக் கறவை

நைட்டி தோள்பட்டையில் இறுக்கியது.

கையை நீட்டினால் கிழிந்துவிடும் போலிருந்தது. நீட்டாமல் பால் பீச்சவும் முடியாது.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயது, முறுக்கு மீசை, பச்சைப் பூப்போட்ட நைட்டி, தொடைகளுக்கு நடுவே வாளி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

மாட்டுக்கு வரவில்லை.

அது நைட்டியை முகர்ந்தது. தோளில், கழுத்தோரத்தில், மறுபடியும் தோளில். பிறகு தலையைத் தூக்கி வீட்டு வாசலைப் பார்த்தது.

அவரும் பார்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி இறந்து இன்றோடு ஐந்து நாள். சாயங்காலம் பால் பீச்சி முடித்து எழுந்தவள் தண்ணீர்த் தொட்டி ஓரம் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு வருடமாக அவள் கையைத் தவிர வேறு கை அந்த மடியில் பட்டதில்லை. முதல் மூன்று நாள் கறவைக்காரர் வந்து ஊசி போட்டுக் கறந்தார். ஊசிக்குப் பால் வந்தது. நான்காம் நாள் பின்னங்காம்பு ஒன்று வீங்கிக்கொண்டது. இன்று காலை மாட்டு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியே கூடாது என்றார். இன்று சாயங்காலம் அதுவாகப் பாலை இறக்காவிட்டால் அந்தக் காம்பு அவ்வளவுதான் என்றார்.

காம்பு போன மாட்டை வளர்ப்பதற்கென்று யாரும் வாங்க மாட்டார்கள்.

அதை அடிமாடாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆள் அவர். கேனை வண்டியில் மாட்டிக்கொண்டு போய் சொசைட்டியில் ஊற்றுவதோடு சரி.

மனைவி துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாடு ஏமாந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பலர் செய்தும் இருக்கிறார்கள்.

இது ஏமாறவில்லை. காம்பைத் தொட்டதும் காலைத் தூக்கியது.

"லட்சுமி" என்றார். காலைத் தூக்கியது.

"கண்ணு" என்றார். வாளி உருண்டது.

அவள் இதை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? தினமும் விடியற்காலையில் கொட்டகையிலிருந்து அவள் குரல் கட்டில்வரை கேட்கும். மாட்டோடு பேசுகிறாள் என்று இவர் புரண்டு படுத்துக்கொள்வார். என்ன பேசுகிறாள் என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துத் துளசிமணி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அக்கா அதக் கொஞ்சுனதெல்லாம் இல்லீங்க. உங்கள வஞ்சுக்கிட்டேதான் பீச்சுவாங்க. அந்த வசவக் கேட்டாத்தான் அது பால எறக்கும்."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னையா? எதற்கு? குடித்ததில்லை. சீட்டாடியதில்லை. ஒரு நாள் கை ஓங்கியதில்லை. வைவதற்கு அப்படி என்ன இருந்திருக்கும்?

வீங்கிய காம்பு விரலில் சுட்டது.

"இந்த மனுசன்..." என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. மாட்டின் காது மட்டும் பின்பக்கம் திரும்பியது.

"இந்த மனுசன் காப்பி குடிச்ச டம்ளர உக்காந்த எடத்துலயே உட்டுட்டுப் போயிருவாரு."

மாடு காலை ஊன்றி நின்றது.

"எங்கண்ணன் வூட்டுப் புதுமனைக்கு இவரு மட்டும் போயிட்டு வந்தாரு. நானும் போயிட்டா பால யாரு பீச்சறதுன்னுட்டாரு."

அசைபோடத் தொடங்கியது.

"காளக்கன்னுன்னு பதினஞ்சாம் நாளே சந்தைக்கு ஓட்டிட்டுப் போனாரு. நீ மூணு நாளு கத்துன. இவரு வந்து சோத்தப் போடுங்கறாரு."

மடி நெகிழ்ந்தது. வாளியில் சர்ரென்று பால் விழுந்தது.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று குழப்பமாகவும் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க மாடு கொடுத்தது. மூன்று காம்பும் காலியானது.

பின்னங்காம்பு மட்டும் அப்படியே இருந்தது.

"வேற ஒன்னுமில்ல" என்றார் மாட்டிடம்.

மாடு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு வலிக்கிறதென்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்க மாட்டேனா? நம்பித்தான் சொன்னார்.

"மத்தியானமே நெஞ்சு குத்துதுன்னேன்."

கை நின்றுவிட்டது.

சொன்னது தன் வாய்தான். ஆனால் எங்கிருந்து வந்தது? மத்தியானம் அவர் கட்டிலில் படுத்திருந்தார். அவள் நிலைப்படியில் வந்து நின்றாள். இல்லை, நிற்கவில்லை. கொட்டகையில்தான் இருந்தாள். மாட்டிடம்தான் சொல்லியிருப்பாள். அப்படியானால் அவர் ஏன் கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னார்?

வேலிக்கு அந்தப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்கவில்லை.

காம்பு இறுகியே இருந்தது. மாடு காத்திருந்தது.

நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டார்.

"சாயங்காலப் பால ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு."

பால் இறங்கியது.