மாடிக்கொடியில் குழந்தைச் சட்டை

ஜெசிந்தாவுக்குச் சம்பளமே எதிரிக்காகப் பேசுவதற்குத்தான். தானே முடிவெடுக்கும் ட்ரோன் குண்டு போடும் முன் ஒரு மனிதரின் ஆட்சேபத்தையாவது கேட்டாக வேண்டும் என்பது போர்ச் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே சட்டம்தான்.

போன வாரம் திரையில் தெரிந்த ஒரு மாடியில் கைக்குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. "பச்சப்புள்ள இருக்கிற வீடு, வேண்டாம்!" என்று கத்தினாள். ட்ரோன் குண்டு போடாமல் திரும்பியது. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. மறுநாளே இரண்டு நாட்டிலும் மாடிக்கு மாடி குழந்தைச் சட்டை, ஆயுதக் கிடங்கின் மேலேகூட.

இன்று அவள் வாயைத் திறக்கும் முன்பே ட்ரோன் சொன்னது: "குழந்தைத் துணி இனி ஆட்சேபம் ஆகாது. அது ஏமாற்று வேலை. துணி தொங்கும் வீட்டுக்கே முதல் குண்டு."

"நெசமாவே புள்ள இருந்தா?"

குண்டு விழுந்தது. திரை வெளுத்தது.

அந்தப் பக்கத்து ட்ரோனும் இந்நேரம் இதே முடிவுக்கு வந்திருக்கும். இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடினாள். மாடியில் கணவன் ரொசாரியோ, ஆறுமாத மகளின் சட்டைகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னடி, இப்பத்தான காயப்போட்டேன்? இன்னும் சொட்டுது!"

"சொட்டட்டும். நமக்குப் புள்ள இருக்கிறது மேல தெரியக் கூடாது."