இடது பக்கத்துப் பேரிங்

பேரிங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் சான்ட்ரா செல்லதுரையின் பட்டறைக்கு வந்தாள். வியாழக்கிழமை மகள் ஆஷ்லினுக்குக் கல்யாணம். பத்திரிகை, சமையல், மண்டபம் என்று அலைந்து கால் ஓய்ந்துபோன நேரத்தில் இது வேறு.

அப்பா சவரியப்பனின் கார், பின் சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்றது. அவளைவிட வயதான வண்டி. அவர்கள் தேவாலயப் பங்கில் எந்தக் கல்யாணம் என்றாலும், கோயிலிலிருந்து மணமக்களை அந்தக் காரில் அவர்தான் அழைத்து வருவார். ஸ்டியரிங்கை வேறு யாரையும் தொட விட மாட்டார்.

சொந்தப் பேத்தியின் முறை வந்தபோதுதான், பின் சக்கரத்துப் பேரிங் போய்விட்டது, இந்த வண்டிக்கு இனி புதிது கிடைக்காது என்று செல்லதுரை கையை விரித்துவிட்டார். தவக்காலம் முழுக்க வண்டி அசையவில்லை.

அப்பா பேப்பர் படிப்பதைக்கூட விட்டுவிட்டார். கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்றார். வண்டி ஏக்கம்தான் என்று சான்ட்ராவுக்குத் தோன்றியது.

அப்பாவின் மேஜையில் கிடந்த அந்தப் பேரிங்கை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் வேறொரு பட்டறைக்குப் போனாள். அங்கே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ரோலர்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குழி இல்லை, சூட்டில் நீலம் பூத்த இடமும் இல்லை. புது கிரீஸ் வைத்து, கழற்றிய இடது பக்கமே மாட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இதுவா அண்ணே ஆகாத பேரிங்?"

செல்லதுரை கை துடைத்த பழந்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அப்படித்தாம்மா பட்டுச்சு."

"இங்கேயே போட்டு வச்சா அப்பா அலுத்துப்போய் வித்துடுவாரு. வாங்குறதுக்கு ஆள் பார்த்து வச்சிருக்கீங்களா?"

"எப்படி வேணா வச்சுக்கங்க."

அப்போதுதான் இடது பக்க மட்கார்டு நீளமாகச் சிராய்த்திருப்பது அவள் கண்ணில் பட்டது. இது எப்போது என்று கேட்டாள்.

"தை மாசம். நான்தாம்மா மதகுக் கட்டையில இடிச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியாம வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனீங்களா?"

தன் கண் முன்னாலேயே மாட்டச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மறுக்காமல் கிரீஸ் டப்பாவைத் தேடப் போனார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நல்ல சேதி என்று அவள்தான் அப்பாவைப் போனில் வரச் சொல்லியிருந்தாள். அவர் காரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். பேரிங்கை அவர் கையில் வைத்தாள்.

"ஒரு குறையும் இல்லப்பா. இவர் உங்களை ஏமாத்திட்டாரு. ஆஷ்லினை நீங்கதான் அழைச்சுக்கிட்டு வரப் போறீங்க."

சவரியப்பன் அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமில்லாமல் ஓடி நின்றது. செல்லதுரை நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி முகத்தைத் திருப்பி, களைத்த குரலில் கேட்டார்.

"எல்லாத்தையும் நீயே வாங்கிக் கட்டிக்கிட்டியா, செல்லதுரை?"

பிறகு மகளிடம் சொன்னார்.

"பேரிங் நல்லாத்தாம்மா இருக்கு. என் பார்வை மங்குறது கல்யாணம் முடியற வரைக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு, ஆகாதுன்னு சொல்லச் சொன்னது நான்தான். தை மாசம், ரோட்டுல காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கிட்டிருந்த பொண்ணு என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. பக்கத்து சீட்டிலேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சு, வண்டியை மதகுல இடிச்சு நிறுத்தினவன் இவன்."