மீதிப் புழு

மண்புழுவில் பாதியைக் கிள்ளித் தூண்டிலில் கோத்துவிட்டு, மீதியைச் சாணித் தொட்டியில் விடுவது என் வழக்கம். மறுபடி வளர்ந்துவிடும், சிக்கனம். அன்று ஏரியில் தக்கை முழுகியது. தொடையளவு விரால், மல்லுக்கு நின்றது. அந்நேரம் வீட்டிலிருந்த என் மனைவி செண்பகவல்லியின் போன்.

"தொட்டியில கைவச்சேன். அரைப்புழு விரலைச் சுத்திக்கிட்டு இழுக்குதுங்க! தெருவுக்கே வந்துட்டேன்."

"எந்தப் பக்கமா இழுக்குது?"

"ஏரிப் பக்கந்தான். மீனு ஏதும் மாட்டியிருந்தா விட்டுத் தொலைங்க!"

"விரால்டி..."

"நானா, விராலா?"

மனசில்லாமல் நூலைத் தளர்த்தினேன். விரால் ஆழத்துக்குப் பாய்ந்தது. போனில் அலறல்.

"ஐயோ, ஓட்டமா இழுக்குது! விடாதீங்க, புடிங்க!"

பிடித்தேன். நூலும் சிக்கனத்துக்காக ஒட்டுப்போட்டதுதான். முடிச்சு மெல்ல நழுவியது. கரைமேல் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது.